ஒரே பிஸ்டல், பல நாடுகள்: பிரௌனிங் ஹை-பவரில் எது உசத்தி?

பழையஇரும்பு (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் ஐரோப்பாவில் உரிமம் பெற்ற ஒரு சேகரிப்பாளரின் வீட்டில் இரண்டு பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டல்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க்காலத் தயாரிப்பு. ஒன்று பெல்ஜியத்தின் எஃப்.என். ஆயுத நிறுவனம் செய்தது, மற்றொன்று கனடாவின் இங்கிலிஸ் செய்தது. மேசைமேல் பச்சைக் கம்பளித் துணியை விரித்து இரண்டையும் வைத்தார். எனக்கு எதிரே உட்கார்ந்தபடி, "இடப்பக்கம் பெல்ஜியம், வலப்பக்கம் கனடா. தோட்டா அறை காலியா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அதற்குள் தொலைபேசி அழைத்தது, எழுந்து போய்விட்டார். நானோ மூக்குக் கண்ணாடியை விடுதியில் மறந்துவிட்டு வந்திருந்தேன். பொறித்திருந்த எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. எனவே கைக்கும் கண்ணுக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

பெல்ஜியத்துப் பிஸ்டல் முழுக்கச் சாம்பல் நிறம். பளபளப்பு இல்லை, ஆனால் மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகப் பூச்சு ஏறியிருந்தது. உலர்ந்த சிலேட்டுப் பலகையைத் தடவுவது போல இருந்தது. கைப்பிடித் தகடுகள் கறுப்புப் பிளாஸ்டிக். கனடாவுடையது கருநீலம். குழலை மூடி முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் பக்கவாட்டில் வெட்டுக் கருவி ஓடிய தடம் உழுத வயல் போல வரிவரியாகத் தெரிந்தது. கைப்பிடி மரம்.

ஒரு விசித்திரம் என்னவென்றால், தோட்டாக்களை அடுக்கும் மேகசினை வெறுமையாகச் செருகி விசையை இழுத்துப் பார்த்தபோது அந்தக் கரடுமுரடான கனடாப் பிஸ்டலில்தான் இழுப்பு சுத்தமாக இருந்தது. அழகான பெல்ஜியத்தில் மணலை மிதித்தது போல ஒரு நறநறப்பு.

ஒரே வடிவமைப்பு நாட்டுக்கு நாடு இவ்வளவு மாறுமா? இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வதும் இதே பிஸ்டல்தானே, அது இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறார்

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பெல்ஜியம் அசல், மற்றவை நகல். நீங்கள் கண்ணால் கண்டதையே எழுதியிருக்கிறீர்கள்: அசலில் சீரான பூச்சு, நகலில் உழுத வயல். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது இரும்புக்குப் பொருந்தாது. விசை இழுப்பு ஒன்றில் நன்றாக இருந்தது தற்செயல். எழுபது எண்பது ஆண்டுப் பழைய பொருளில் யார் என்ன அராவி வைத்தார்களோ.

என் வரிசை: பெல்ஜியம், பிறகு பெரிய இடைவெளி, பிறகு கனடா, அர்ஜென்டினா, ஹங்கேரி, கடைசியில் இஷாப்பூர்.

ஏட்டுச்சுரைக்காய்

நான் இதுவரை ஒரு பிஸ்டலையும் சுட்டதில்லை, பெயரே சொல்லும். ஆனால் படித்த அளவில் "பெல்ஜியம் அசல்" என்பதையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வடிவமைப்பைத் தொடங்கியவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். 1926 நவம்பரில் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே எர்ஸ்டாலில், எஃப்.என். தொழிற்சாலையிலேயே அவர் இறந்தார். பிஸ்டல் அப்போது முடிந்திருக்கவில்லை. முடித்தவர் எஃப்.என்.னின் தியோதோனே சைவ். பிரௌனிங்கே முன்பு வடிவமைத்த 1911 பிஸ்டலின் காப்புரிமைகள் கோல்ட் நிறுவனத்திடம் இருந்தன. எனவே தன் சொந்த யோசனைகளையே தொடாமல் சுற்றிவளைத்துத்தான் அவர் இதைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தக் காப்புரிமைகள் 1928-இல் காலாவதியான பிறகு சைவ் அவற்றில் சிலவற்றை எடுத்துச் சேர்த்தார். கடைசி வடிவம் 1935-இல் வந்தது. பதின்மூன்று தோட்டா கொள்ளும் மேகசின் அன்றைக்குப் பெரிய விஷயம். மற்றவர்கள் ஏழெட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். பெயரில் உள்ள "பவர்" அந்த எண்ணிக்கையைக் குறிக்கிறது, தோட்டாவின் வேகத்தை அல்ல.

இனி முக்கியமான இடம். 1940 மே மாதம் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது, எஃப்.என். தொழிற்சாலையும் அதன் கைக்குப் போனது. உற்பத்தி நிற்கவில்லை. ஜெர்மன் ராணுவம் இதற்கு "பிஸ்டோலே 640 (பி)" என்று பெயர் வைத்து மூன்று லட்சத்துக்கு மேல் செய்ய வைத்தது. அந்த "பி" பெல்ஜியத்தைக் குறிக்கும். தொடக்கத்தில் வந்தவை போருக்கு முந்தைய மெருகோடு இருந்தன. ஆண்டு செல்லச் செல்ல மெருகேற்றுவதைக் குறைத்தார்கள், சில பாகங்களை விட்டுவிட்டார்கள். 1944 செப்டம்பரில் லியேஜ் விடுதலையானது.

அதே 1944-இல் கனடாவின் டொரொன்டோவில் இங்கிலிஸ் நிறுவனம் இதே பிஸ்டலை நேச நாடுகளுக்காகச் செய்யத் தொடங்கிவிட்டது. அந்தக் கோடைக்காலத்தில் ஒரே பிஸ்டல் போரின் இரு தரப்புக்காகவும் இரண்டு கண்டங்களில் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. சைவ் அப்போது எர்ஸ்டாலில் இல்லை, தப்பித்து இங்கிலாந்தில் இருந்தார். வடிவமைத்தவர் ஒரு பக்கம், தாய்த் தொழிற்சாலை எதிரியின் பக்கம். கறார் அவர்களே, எது அசல்?

வடகாற்று

டொரொன்டோவிலிருந்து எழுதுகிறேன். முதலில் ஒன்று: இங்கிலிஸ் என்பது நிறுவனத்தின் பெயர், இங்கிலீஷ் அல்ல. வேறொரு இடத்தில் ஒருவர் "இது ஆங்கிலேயர் பிஸ்டல்" என்று பத்து வரி வாதாடியதைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்ட்ராக்கன் அவென்யூவில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. போரில் முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கி செய்தார்கள். அங்கே வேலை செய்த பெண்ணொருத்தி புகைபிடித்தபடி பிரென் துப்பாக்கியோடு நிற்கும் படம் கனடாவின் போர்க்காலப் படங்களிலேயே புகழ்பெற்றது. பிஸ்டல் பின்னால் வந்தது, அதுவும் சீனாவுக்காக. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் செய்திருக்கிறார்கள். போர் முடிந்ததும் அந்த நிறுவனம் சலவை இயந்திரம் செய்யப் போய்விட்டது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான். என் மனைவிக்கு இங்கிலிஸ் என்றால் சலவை இயந்திரம், எனக்குப் பிஸ்டல். ஒரே வீட்டில் இரண்டு வரலாறு.

சீன ஒப்பந்தத்துக்குச் செய்தவற்றைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். பின்பக்கக் குறிகாட்டியில் ஐந்நூறு மீட்டர் வரை ஏற்றி இறக்கும் அளவுப்பலகை இருக்கும். கைப்பிடியின் பின்புறம் ஒரு காடி வெட்டியிருக்கும். பிஸ்டலை வைக்கும் மர உறையை அதில் மாட்டினால் அதுவே தோள்கட்டையாகிவிடும். ஒன்பது மில்லிமீட்டர் ரவையை ஐந்நூறு மீட்டருக்கு அனுப்பி என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் செய்தவற்றில் இந்த ஆடம்பரம் இல்லை, சாதாரண நிலைக் குறிகாட்டிதான். வரிசை எண்ணைப் பார்த்தாலும் தெரியும். சீனத்துக்கு நடுவில் "சி.எச்.", மற்றதற்கு "டி".

என் நண்பர் ஒருவரிடம் "டி" எண் கொண்டது ஒன்று இருக்கிறது. ரேஞ்சில் சுட்டிருக்கிறேன். அவருடைய ரவைக்கூடுகள் எல்லாம் அந்தக் காலத்தவை, இன்னும் வேலை செய்கின்றன. இங்கே 2022 அக்டோபருக்குப் பிறகு தனியார் கைத்துப்பாக்கி வாங்கவும் விற்கவும் முடியாது என்பதால், எனக்கென்று ஒன்று என்ற ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

பழையஇரும்பு ஐயா, நீங்கள் சொன்ன நிறங்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. நண்பருடையது கருநீலம் அல்ல.

சாணைக்கல்

"ரவைக்கூடு" நல்ல சொல். முப்பது ஆண்டு மேகசின் என்று சொல்லியே காலத்தைத் தள்ளிவிட்டேன்.

ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மேசைக்கு இங்கிலிஸ் பிஸ்டலும் வந்திருக்கிறது, இஷாப்பூர் 1ஏ பிஸ்டலும் வந்திருக்கிறது. கறார் தம்பி இஷாப்பூரைக் கடைசியில் வைத்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப் போவதில்லை. கேட்டுப் பழகிவிட்டது. வெளிநாட்டு முத்திரை இருந்தால் தட்டிப் பார்க்காமலே தங்கம் என்பார்கள்.

இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை 1ஏ பிஸ்டலைச் செய்வது இங்கிலிஸ் வடிவத்தை ஒட்டி. அதாவது அது பெல்ஜியத்தின் பிள்ளை அல்ல, டொரொன்டோவின் பிள்ளை, பெல்ஜியத்துக்குப் பேரன். இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பின்னாளில் பெல்ஜியத்தில் செய்த மாற்றங்களை எதிர்பார்த்து 1ஏ பிஸ்டலைப் பார்த்துவிட்டு "இது இல்லை, அது இல்லை" என்பவர்கள் பேரனின் சட்டையில் தாத்தாவின் பொத்தானைத் தேடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, சுட்ட தோட்டாவின் வெற்று உறையை இழுக்கும் கொக்கி. பழைய எஃப்.என்.னிலும் இங்கிலிஸிலும் அது ஸ்லைடுக்குள்ளேயே மறைந்திருக்கும், 1962 வாக்கில்தான் எஃப்.என். அதை வெளிப்பக்கம் கொண்டுவந்தது.

இப்போது விசை. பழையஇரும்பு சொன்ன நறநறப்பு தற்செயல் அல்ல. இந்தப் பிஸ்டலில் விசையோடு சேர்ந்து ஒரு சிறிய முளை இருக்கிறது. மேகசினைச் செருகினால் அதன் முன்முகம் அந்த முளையை அழுத்தும், அப்போதுதான் விசைக்கும் மற்ற பாகங்களுக்கும் தொடர்பு ஏற்படும். மேகசின் இல்லாவிட்டால் விசையை எவ்வளவு இழுத்தாலும் ஊசியைத் தட்டிச் சுடும் ஹேமர் விழாது. பாதுகாப்புக்காகச் செய்தது. ஆனால் மேகசின் உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு இழுப்பிலும் அந்த முளை மேகசினின் முகத்தில் உரசிக்கொண்டே போகும். அந்த உரசல்தான் உங்கள் விரலுக்கு வந்த மணல். மேகசினைக் கழற்றினால் தானாகக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

ஒருமுறை ஒரு படைப்பிரிவிலிருந்து இருபது பிஸ்டல்கள் "விசை கடினம்" என்று என் மேசைக்கு வந்தன. இங்கிலிஸ் சில, 1ஏ பல. ஒவ்வொன்றாகப் பிரித்தேன், சுத்தம் செய்தேன், எண்ணெய் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் நாள் மாலையில்தான் மேகசின்கள்மேல் கண் போனது. ஒரு ஒப்பந்தக்காரர் மறுபூச்சுப் பூசித் தந்தவை. பூச்சு தடியாக, சொரசொரப்பாக, உப்புத்தாள் போல இருந்தது. ஒரு மேகசினின் முன்முகத்தை மட்டும் நுண்ணிய தாளால் தேய்த்து, கண்ணாடி போல ஆனதும் செருகினேன். விசை வெண்ணெயாகிவிட்டது. இருபது பிஸ்டலும் தேறிவிட்டன, ஒரு பிஸ்டலிலும் ஒரு பாகமும் மாற்றவில்லை. அதுவரை அந்தப் படைப்பிரிவில் "கனடாப் பிஸ்டல் தேவலாம், 1ஏ மோசம்" என்று ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. புதிய பூச்சுள்ள மேகசின்கள் எந்தப் பிஸ்டல்களோடு போனதோ அவை மோசம், அவ்வளவுதான்.

ஆகவே பழையஇரும்பு, உங்களிடம் ஒரு கேள்வி. உழுத வயலிலிருந்து மேகசினைக் கழற்றிவிட்டு விசையை இழுத்தீர்களா?

கறார்

ஆர்மரர் ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் மேகசின் கதை பூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெட்டுத் தடத்தை அப்படியே விட்டு அனுப்பியவன் நல்ல வேலைக்காரனா? அதைச் சொல்லுங்கள்.

குறிமுள்

இழையை இரண்டு முறை படித்துவிட்டேன். ஒருவரும் அந்தச் சாம்பல் நிறத்தில் நிற்காமல் கடந்து போவது ஆச்சரியமாக இருக்கிறது. வடகாற்று மட்டும் தொட்டுவிட்டு விட்டுவிட்டார்.

சீரான, பளபளப்பில்லாத சாம்பல் என்றால் பாஸ்பேட் பூச்சு. இங்கிலிஸ் பிஸ்டல்களுக்கு அந்தப் பூச்சு. கறுப்புப் பிளாஸ்டிக் கைப்பிடியும் இங்கிலிஸ்தான். ஜெர்மானியர் காலத்து எஃப்.என். கருநீலம், பெரும்பாலும் மரக் கைப்பிடி, பிற்காலத்தில் வந்தவற்றில் வெட்டுத் தடம் அப்படியே தெரியும். ஏட்டுச்சுரைக்காய் சொன்ன "விட்டுவிட்ட பாகங்களில்" சாணைக்கல் விவரித்த மேகசின் பாதுகாப்பும் ஒன்று. ஜெர்மானியர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. முளை இல்லாவிட்டால் உரசல் இல்லை, உரசல் இல்லாவிட்டால் விசை சுத்தம்.

எதிரே உட்கார்ந்தபடி "இடப்பக்கம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். யாருடைய இடப்பக்கம்?

ஏட்டுச்சுரைக்காய்

அடடா.

வடகாற்று

அதுதான்! கருநீலம் என்று படித்தபோதே ஏதோ இடித்தது.

பழையஇரும்பு

குறிமுள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சேகரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். என் இந்த வாரச் சாதனையைச் சொல்லக் கேட்டு ஒரு நிமிடம் சிரித்துவிட்டு இரண்டையும் அலமாரியிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார்.

சாம்பல் நிறப் பிஸ்டலின் ஸ்லைடில் "பிரௌனிங்-எஃப்.என்." என்று தொடங்கும் பொறிப்பு. அதன் வால் "இங்கிலிஸ் கனடா" என்று முடிகிறது. வரிசை எண்ணின் நடுவில் "டி". உழுத வயலில் எர்ஸ்டால் முகவரி, அதன் அருகே ஜெர்மன் ராணுவத்தின் கழுகு முத்திரை, கழுகின் கீழே 140 என்ற எண். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அறை காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மேகசின் இல்லாமல் இரண்டின் விசையையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கனடாவில் ஹேமர் அசையவில்லை. பெல்ஜியத்தில் "டக்" என்று விழுந்த ஓசை தொலைபேசியிலேயே எனக்குக் கேட்டது. சாணைக்கல் ஐயாவின் கேள்விக்கு இதுவே பதில்.

ஆக, நான் அழகு என்று தடவித் தடவிப் பார்த்தது கனடா. நகல் என்று முகம் சுளித்தது அசல்.

கறார்

சரி, மீசையில் மண் ஒட்டிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒன்று: அது பெல்ஜியத்தாரின் விருப்பப்படி செய்த பிஸ்டல் அல்ல. துப்பாக்கி முனையில் செய்த துப்பாக்கி. அதை வைத்து எஃப்.என்.னை எடைபோடுவது நியாயமா? 1930-களின் பிஸ்டலையோ 1960-களின் பிஸ்டலையோ எடுத்து வாருங்கள், பேசலாம்.

ஏட்டுச்சுரைக்காய்

கறார் இப்போது சொல்வதுதான் சரி. நாட்டின் பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட பிஸ்டல் யாருக்காக, எந்த ஆண்டில், எந்த அவசரத்தில் செய்யப்பட்டது என்பதைக் கேட்க வேண்டியிருக்கிறது. 1938-இன் எர்ஸ்டாலும் 1944-இன் எர்ஸ்டாலும் ஒரே முகவரி, ஒரே இயந்திரங்கள்கூட. ஆனால் ஒன்று அமைதிக்காலத்தில் பெயரைக் காப்பாற்றச் செய்தது, மற்றது மாத எண்ணிக்கைக்காகச் செய்தது. டொரொன்டோவிலும் அவசரம்தான், ஆனால் அங்கே குண்டு விழவில்லை, மேற்பார்வைக்கு எதிரி நிற்கவில்லை, பாஸ்பேட் பூச்சு மெருகேற்றும் வேலையை மிச்சப்படுத்தியது. வெட்டுத் தடத்தைத் தேய்க்க ஆள் வைப்பதற்குப் பதில் அதை மறைக்கும் பூச்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

போருக்குப் பிறகு பிரிட்டன் இதை எஃப்.என்.னிடமே வாங்கி "எல்9ஏ1" என்று பெயர் வைத்தது. 2013-இல் குளோக் 17 வரும்வரை அதுதான் அவர்களுடைய பிஸ்டல்.

குறிமுள்

"டி" என்ற எழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இதில் பணம் இழந்தவர்கள் உண்டு. 1960-களின் நடுவில் எஃப்.என். பொதுச் சந்தைக்குச் செய்த பிஸ்டல்களின் வரிசை எண்ணும் "டி" என்றே தொடங்கும். சேகரிப்பாளர்கள் "டி வரிசை" என்று உருகுவது அதைத்தான். ஆழ்ந்த நீலம், கண்ணாடி மெருகு. கறார் கேட்ட பிஸ்டல் அதுதான், அதற்கு முன்னால் நானும் வாயைத் திறக்க மாட்டேன். இங்கிலிஸின் "டி" எண்ணுக்கு நடுவில் வரும், முன்னால் ஒரு இலக்கம் நிற்கும். எஃப்.என்.னின் "டி" தொடக்கத்திலேயே வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் "டி இருக்கிறது" என்ற ஒரே சொல்லை நம்பி, படம்கூடக் கேட்காமல் முன்பணம் அனுப்பினார். வந்தது நல்ல இங்கிலிஸ்தான், ஆனால் அவர் கனவு கண்டது அது அல்ல.

செம்மண்

புதிதாக உள்ளே வருகிறேன். ஹங்கேரி, அர்ஜென்டினா பற்றி யாரும் பேசவில்லையே? அர்ஜென்டினா எஃப்.என்.னிடம் உரிமம் வாங்கித்தானே செய்தது?

குறிமுள்

ஆம். 1969 முதல் ரொசாரியோ நகரில் அரசு ராணுவத் தொழிற்சாலையில், எஃப்.என். உரிமத்தோடு செய்தார்கள். பாகங்கள் எஃப்.என்.னுக்குப் பெரும்பாலும் பொருந்தும். பிந்தைய அர்ஜென்டினப் பிஸ்டலைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். அசலில் ஸ்லைடின் முன்பகுதி இருபுறமும் குடைந்து ஒடுங்கும், இவர்கள் அந்தக் குடைவை விட்டுவிட்டு நேராகவே விட்டார்கள். வேலை மிச்சம். என் கண்ணுக்கு மூக்கு தடித்த பிள்ளை போல இருக்கும், ஆனால் சுடுவதில் குறை இல்லை. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனிடம் எல்9ஏ1, அர்ஜென்டினாவிடம் ரொசாரியோ பிஸ்டல். நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டாவது முறையாக ஒரே பிஸ்டல் எதிரெதிரே நின்றது.

ஹங்கேரியில்தான் பள்ளம் இருக்கிறது. புடாபெஸ்டின் ஃபேக் நிறுவனம் ஹை-பவரை உரிமம் இல்லாமல் அப்படியே நகலெடுத்து விற்றது. அவற்றின் பாகங்கள் பெரும்பாலும் எஃப்.என்.னுக்கு மாறும். ஆனால் அதே நிறுவனத்தின் "பி9ஆர்" வெளித்தோற்றத்தில்தான் ஹை-பவர், உள்ளே வேறு பிஸ்டல். முதல் இழுப்பிலேயே ஹேமரைத் தூக்கிச் சுடும் இரட்டைச் செயல் விசை, பாதுகாப்பு நெம்புகோலும் ஸ்லைடின் மேல். உடம்பைப் பார்த்து உறவு கொண்டாடி உதிரிப் பாகம் வாங்கினால் ஒன்றும் ஏறாது.

வடகாற்று

ஃபேக் எரிவாயு அடுப்பு, சூடேற்றி எல்லாம் செய்த நிறுவனம். இங்கிலிஸ் சலவை இயந்திரம். இந்தப் பிஸ்டலுக்கு வீட்டு உபயோகப் பொருட்களோடு ஏதோ முன்ஜென்மப் பந்தம்.

கறார்

அப்படியானால் கடைசிக் காலத்து எஃப்.என். பற்றிச் சொல்லுங்கள். மார்க் 3 பிஸ்டல்களில் "போர்ச்சுகலில் பூட்டப்பட்டது" என்று பொறித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது பெல்ஜியமா, போர்ச்சுகலா? பிஸ்டலின் உடற்கூடான ஃபிரேம் வேறு வார்ப்பு என்கிறார்கள். அடித்துச் செய்த எஃகு எங்கே, ஊற்றிச் செய்த எஃகு எங்கே?

சாணைக்கல்

பாகங்கள் பெல்ஜியத்தில் செய்தவை, பூட்டியது போர்ச்சுகலில். பொறிப்பிலேயே இரண்டு நாட்டின் பெயரும் இருக்கும், யாரும் ஒளிக்கவில்லை.

வார்ப்பு என்றதும் முகம் சுளிக்காதீர்கள் தம்பி, இன்று ஒருமுறை சுளித்துப் பார்த்துவிட்டீர்கள். 1990-களில் .40 அங்குலத் தோட்டாவுக்கு இதே பிஸ்டலைச் செய்ய முயன்றார்கள். அந்தத் தோட்டாவின் அடியைப் பழைய ஃபிரேம் தாங்கவில்லை. அதற்காகக் கடினமான வார்ப்பு எஃகுக்குப் போனார்கள், பிறகு ஒன்பது மில்லிமீட்டருக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். அதாவது வார்ப்பு வந்தது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல, உறுதிக்காகவும். கையில் பிடித்தால் பழைய ஃபிரேமின் நளினம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது கண்ணுக்கு, இது தோட்டாவுக்கு.

மார்க் 3-இல் ஊசியைத் தடுக்கும் பாதுகாப்பும் சேர்த்தார்கள், கீழே விழுந்தால் வெடிக்காது. தோட்டா குழலுக்குள் ஏறும் வாய்ச் சரிவையும் காலப்போக்கில் திருத்தினார்கள். பழைய குழல்களில் அந்தச் சரிவில் ஒரு சிறு மேடு இருக்கும். உருண்டை முனைத் தோட்டா வழுக்கிப் போய்விடும், முனை குழிந்த தோட்டா முட்டிக்கொண்டு நிற்கும். பழைய இங்கிலிஸில் புதுவகைத் தோட்டாவைப் போட்டுவிட்டு "கனடா மோசம்" என்று எழுதுபவர்களைக் கண்டால் இந்தச் சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு எஃப்.என்.னிலும் அதே மேடுதான்.

செம்மண்

இப்போது துருக்கியில் செய்கிறார்களாமே?

குறிமுள்

எஃப்.என். 2017 வாக்கில் உற்பத்தியை நிறுத்தியது. மறைந்தவருக்குத்தான் சொந்தக்காரர் அதிகம். துருக்கியின் கிர்சான் ஒன்று செய்கிறது. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு 2021-இல் "எஸ்ஏ-35" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் மேகசின் பாதுகாப்பே இல்லை. ஜெர்மானியர்கள் 1940-களில் எடுத்த முடிவுக்கு எண்பது ஆண்டு கழித்து இவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள், காரணம் வேறு என்றாலும்.

வேடிக்கை என்னவென்றால் 2022-இல் எஃப்.என். தானே "ஹை பவர்" என்று ஒன்றை அமெரிக்காவில் செய்து வெளியிட்டது. பதினேழு தோட்டா. பழையதற்கும் அதற்கும் ஒரு மேகசின்கூட மாறாது. உரிமைப் பெயர் தாய் நிறுவனத்திடம், உடலமைப்பு நகல்காரர்களிடம்.

கறார்

என் வரிசையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் காலியாகவும் விடப் போவதில்லை. 1960-களின் எஃப்.என். முதலிடம், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. இரண்டாவது இங்கிலிஸ். 1944-இன் எர்ஸ்டால் கடைசி. இஷாப்பூரை எங்கே வைப்பது என்று ஆர்மரர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

சாணைக்கல்

எந்த ஆண்டு, எந்தத் தொகுதி, என்ன பராமரிப்பு என்று சொன்னால் சொல்கிறேன். 1ஏ பிஸ்டல் ஒன்பது மில்லிமீட்டர், இந்தியாவில் அது பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. அதனால் அதைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் கையில் எடுத்ததே இல்லை. எடுத்தவர்களும் பட்டாலியன் அலமாரியில் பத்துப் பேர் கை மாறியதை எடுத்தவர்கள். சேகரிப்பாளரின் பட்டுத்துணியில் தூங்கிய டி வரிசையோடு அதை ஒப்பிடுவது, வண்டிமாட்டைக் கோயில் காளையோடு நிறுத்துவது போல.

சைவ் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பின்னர் வடிவமைத்த ஃபால் ரைஃபிளை ஒட்டித்தான் இஷாப்பூரின் 1ஏ1 ரைஃபிளும் வந்தது. ஒரு காலத்தில் என் மேசையில் ரைஃபிளும் பிஸ்டலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் ஒரே மனிதரின் மூளை. அது எனக்குத் தெரியவே ஓய்வு பெற வேண்டியிருந்தது.

பழையஇரும்பு, கடைசியாக ஒன்று. அடுத்த முறை போகும்போது இரண்டின் மேகசினையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பழையஇரும்பு

இன்று காலையிலேயே சேகரிப்பாளரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கனடா மேகசின் பெல்ஜியத்தில் முனகாமல் ஏறியது, பொத்தானை அழுத்தியதும் நழுவிக் கீழே விழுந்தது. பெல்ஜியம் மேகசின் கனடாவிலும் ஏறியது. பொத்தானை அழுத்தினால் அரை விரல் இறங்கி அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்ததாம்.

கண்ணாடிக்கு ஒரு கயிறு வாங்கிவிட்டேன்.